யார் வீட்டுச் சோறு?

பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு ஊரார் சோறு போடலாமா? அப்படிப் போடுவது தர்மந்தானா? அல்லது, தர்மம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு தகப்பனின் கடமையை அவன் கையிலிருந்து தட்டிப் பறிக்கிற காரியமா?

இந்தக் கேள்வியை யாரோ ஈரமில்லாத மனிதர்கள் கேட்பதாக எண்ணிவிட வேண்டாம். நல்லவர்கள்தாம் கேட்கிறார்கள், நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1906-இல் இங்கிலாந்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. அதை ஆட்சேபித்தவர்களில் முக்கியமானவர்கள், ஏழைகளுக்கு உதவுவதையே வேலையாகக் கொண்ட தர்ம சங்கத்தார். 'பிள்ளைக்குப் பள்ளியில் சோறு கிடைத்துவிட்டால் அப்பனுக்குப் பொறுப்பு விட்டுப் போகும். மிச்சப்பட்ட காசு கள்ளுக்கடைக்குப் போகும். குடும்பம் என்ற கட்டுக்கோப்பே தளர்ந்துவிடும்' என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தை எது தோற்கடித்தது தெரியுமா? கருணை மட்டும் அல்ல. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, வந்து நின்ற இளைஞர்களில் ஏராளமானவர்கள் நோஞ்சான்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். சாம்ராஜ்யம் பயந்துபோயிற்று. கமிட்டி போட்டார்கள், 1904-இல் அறிக்கை வந்தது, பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. பிள்ளையின் பசியைப் பார்த்து இளகாத மனசு, பட்டாளத்தின் இளைப்பைப் பார்த்து இளகியது. எப்படியோ, சோறு வந்தால் சரிதான் என்று சொல்லலாம். எனக்கு மட்டும் அந்த ரொட்டித் துண்டில் கொஞ்சம் வெடிமருந்து வாசனை வீசுவதாகத் தோன்றுகிறது.

நம் ஊருக்கு வருவோம். சென்னை நகராட்சி 1920-இல், பி. தியாகராய செட்டியார் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. பிறகு மேலும் சில பள்ளிகளுக்கு அது பரவியது, 1925-இல் நின்றுபோயிற்று. ஆரம்பக் கல்விக்கு என்று உள்ள நிதியில் சாப்பாட்டுச் செலவை எழுதக்கூடாது என்று மேலிடத்து வெள்ளைக்காரத் துரைத்தனம் ஆட்சேபித்ததுதான் காரணம். வயிறு எந்த இலாகாவைச் சேர்ந்தது என்ற இந்தச் சண்டை இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. பசித்த பிள்ளை கரும்பலகையைப் பார்க்கும்போது அதில் எழுத்துத் தெரிவதில்லை என்ற விஷயம் கணக்கு இலாகாவுக்கு எப்படித் தெரியும்?

காமராஜர் காலத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனை அவர் கேட்டதும், 'சோறு போடுவியா?' என்று பையன் திருப்பிக் கேட்டதுமான அந்தக் கதையைப் பல பேர் பல ஊரின் பெயரை வைத்துச் சொல்லுகிறார்கள். அது எந்த ஊராக இருந்தால் என்ன? அந்தப் பையன் எல்லா ஊரிலும் இருந்தான். 1956-இல், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் திட்டம் தொடங்கியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அதற்குக் கையும் காலுமாக நின்றார்.

இந்தத் திட்டத்தில் என் மனசைப் பிடித்து நிறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஒரு பிள்ளையின் ஒருவேளைச் சோற்றுக்கு ஆகும் செலவைப் பத்துப் பைசா என்று கணக்கிட்டார்கள். அதில் ஆறு பைசா சர்க்கார் கொடுக்கும். நாலு பைசா ஊரார் போட வேண்டும். ஊரார் என்றால் யார்? மிராசுதாரும் மளிகைக் கடைக்காரரும் மட்டும் அல்ல; அடுப்பில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்த பெண்களுந்தாம். அந்த நாலு பைசாவில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. தன் பிள்ளைக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே உலையில் அரிசி போடுகிற பழக்கம் அது. சர்க்கார் முழுவதும் ஏற்றுக்கொண்ட பிறகு சோறு உறுதியாயிற்று. வறட்சி வந்தாலும் பண்ணையார் மனம் மாறினாலும் நிற்காது. அது பெரிய லாபம். கலயம் போனது சிறிய நஷ்டம். ஆனாலும் நஷ்டம் நஷ்டந்தான் என்று என் கிழப்புத்தி சொல்லுகிறது. நாற்பது சொச்சம் வயதில் கிழப்புத்தியா என்று சிரிக்க வேண்டாம். எழுதுகிறவனுக்கு அது சீக்கிரமே வந்துவிடும்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு இனித்தான் வர வேண்டும்.

நமக்கு அன்னதானம் புதிதல்ல. மணிமேகலையின் அமுதசுரபி காலத்திலிருந்தே அது நம் கற்பனையில் ஊறிக் கிடக்கிறது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. கோயில்களிலும் தர்காக்களிலும் பந்தி நடக்கிறது. ஆகவே பள்ளிக்கூடச் சோற்றையும் நாம் அந்த வரிசையிலேயே உட்கார்த்தி வைத்துவிடுகிறோம். 'புண்ணியம்' என்கிறோம். அது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

அன்னதானத்தில் இடுகிறவன் ஒருவன் இருக்கிறான். ஏற்கிறவன் ஒருவன் இருக்கிறான். இடுகிறவன் புண்ணியம் சம்பாதிக்கிறான். ஏற்கிறவன் தன் பசியை அதற்கு மூலதனமாகக் கொடுக்கிறான். வள்ளலார் போன்ற மகான்களின் பந்தியில் இந்த வியாபாரம் இல்லாமல் இருக்கலாம். மற்ற இடங்களில் பெரும்பாலும் இருக்கிறது. பந்தியில் உட்கார்ந்தவன் 'சாம்பாரில் உப்பில்லை' என்று சொல்ல முடியுமா? சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவான்.

சென்ற வருஷம் தென் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் நூலகத் திறப்புக்கு என்னை அழைத்திருந்தார்கள். விழா முடிய மத்தியானம் ஆகிவிட்டது. தனியே மேஜை போட்டு விருந்து வைக்க முனைந்த தலைமை ஆசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடி, பிள்ளைகளோடு தாழ்வாரத்தில் உட்கார இடம் வாங்கிக்கொண்டேன். ஆளுக்கொரு தட்டு. ஆயா வாளியும் கரண்டியுமாக வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பையன் ஒரு வாய் வைத்தான். தாழ்வாரம் முழுவதும் கேட்கிற மாதிரிக் கூவினான்:

"ஆயா! இன்னிக்குச் சாம்பார்ல உப்பே இல்ல!"

"ஏன்டா, வீட்டுல உங்க ஆத்தாகிட்டேயும் இப்படித்தான் கத்துவியா?"

"அவகிட்ட இதுக்கு மேல கத்துவேன்!"

ஆயா முணுமுணுத்துக்கொண்டே போய் உப்பு எடுத்துவந்தாள். தலைமை ஆசிரியருக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்கோ, நான் அன்று மேடையில் பேசிய பேச்சையெல்லாம்விட அந்தப் பையன் போட்ட சத்தம் பெரிய பேச்சாகப் பட்டது. அவன் பிச்சை வாங்கவில்லை. தன் சோற்றைத் தின்றான். தன் சோறு என்பதால் குறை சொன்னான்.

2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளிலும் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு கொடுத்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்தில் 200 நாள் என்று அளவும் சொல்லிற்று. 2013-இல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாத்தியதையாகவே எழுதி வைத்தது. உப்புக் கேட்ட பையனுக்கு இந்தத் தீர்ப்பும் சட்டமும் தெரியாது. ஆனால் அவன் குரலில் இரண்டும் இருந்தன.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். வங்கியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், யோக்கியர், கோயிலுக்கும் அனாதை விடுதிக்கும் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவர்.

"நீங்கள் கதை எழுதுகிறவர். உப்புக்கும் உருகுவீர்கள், புளிக்கும் உருகுவீர்கள்" என்றார். "நான் கேட்பது ஒன்றுதான். பெற்றவனுக்கு இல்லாத அக்கறை மற்றவனுக்கு எதற்கு? மத்தியானச் சோறு போட்டீர்கள், சரி. இப்போது காலைப் பலகாரமும் போடுகிறீர்கள். இனி ராத்திரிக்கும் போட்டுவிட்டால், பிள்ளையைப் பெற்றதோடு அவன் வேலை முடிந்ததா?"

காலைப் பலகாரம் என்று அவர் சொன்னது, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை. முதலில் 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளும். பிறகு உதவி பெறும் பள்ளிகள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார்.

நண்பரின் கேள்வியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளையின் வீட்டில் அக்கறை இல்லை என்பது அந்த அனுமானம். அந்த வீட்டுக் காலையை அவர் பார்த்ததில்லை. தகப்பன் ஐந்தரை மணிக்குக் கட்டட வேலைக்கு வண்டி ஏறிவிடுகிறான். தாய் ஆறரைக்கு நூற்பாலை வேனைப் பிடிக்க வேண்டும், அல்லது பூப்பறிக்கப் போக வேண்டும். மல்லிகை, வெயில் வருகிற வரைக்கும் காத்திருக்காது. பழைய சோறு இருந்தால் பிள்ளை கரைத்துக் குடித்துவிட்டு வருகிறது. இல்லாவிட்டால் வெறும் டீயும் ஒரு வர்க்கியும். இங்கே குறைவது பாசமா, பொழுதா? கடமையைச் செய் என்று ஒருவனுக்கு உபதேசம் பண்ணுமுன், அதைச் செய்ய அவனுக்குக் கையும் பொழுதும் மிச்சம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாமா? அவன் கையையும் பொழுதையும் வாங்கிக்கொண்டவர்கள் யார்? அவன் கட்டிய வீட்டில் நாம் இருக்கிறோம். அவள் பறித்த பூவை நாம் சூடுகிறோம். அவர்களுடைய பிள்ளையின் காலைப் பொழுதில் நமக்குப் பற்று உண்டென்றால், வரவும் உண்டு அல்லவா? கணக்குப் பார்க்கிறவர் இதையும் கணக்கில் எழுத வேண்டும்.

நண்பர் இதை ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை. "அப்படியானால் தேவைப்பட்டவனுக்கு மட்டும் கொடுங்களேன். வசதி உள்ளவன் பிள்ளைக்கும் ஏன்?" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல எனக்கு என் தாயாரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

1982 ஜூலை முதல் தேதி, திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பிள்ளைப் பிராயத்தில் தாம் பட்டினி கிடந்ததையும், பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி சோறு கொடுத்துக் காப்பாற்றியதையும் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அதைப் பணத்தைப் பாழாக்கும் வேலை என்றவர்கள் அநேகர். நான் பள்ளியில் சேர்ந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. என் தகப்பனார் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதினார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டு அரிசிப் பானையில் கை விட்டால் தரை தட்டும். ஆனாலும், 'நீ அந்த வரிசையில் போய் உட்காரக்கூடாது' என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மோர்ச்சோறும் ஊறுகாயும் தூக்கில் கொடுத்தனுப்புவாள். மோரில் தண்ணீர்தான் அதிகம் இருக்கும். புங்க மரத்தடியில் தட்டோடு உட்கார்ந்தவர்கள் ஒரு ஜாதி. சுவரோரம் தூக்கோடு உட்கார்ந்தவர்கள் ஒரு ஜாதி. மரத்தடியில் இருந்த ஒரு பையனுக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரே 'சத்துணவு'. அங்கிருந்து வரும் சாம்பார் வாசனை என்னை என்ன பாடு படுத்தியது என்பது எனக்குத்தான் தெரியும்.

என் தாயார் கெட்டவளா? இல்லை. வறுமைக்கு மேல் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே நகை அந்தக் கௌரவந்தான். அதை அவள் கழற்ற மறுத்தாள். பிழை அந்த வரிசையில் இருந்தது. 'இல்லாதவர்கள் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள்' என்று கூப்பிட்டால், பசியோடு வருகிறவன் வெட்கத்தையும் சேர்த்துத் தின்ன வேண்டியிருக்கும். ஜப்பானில் 1954-இல் பள்ளி உணவுக்கென்றே சட்டம் செய்தார்கள். அங்கே ஆரம்பப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாப்பாட்டைத் தின்கிறார்கள். பிள்ளைகளே முறை வைத்து ஒருவருக்கொருவர் பரிமாறுகிறார்கள். முடிந்த பெற்றோர் உணவுப் பொருளுக்குக் காசு கட்டி வந்ததும், முடியாதவருக்கு உதவி கிடைத்து வந்ததும் அலுவலகக் கணக்கோடு நின்றுபோயின. எந்தப் பிள்ளை எந்தக் கணக்கைச் சேர்ந்தது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்ததில்லை.

இதைச் சொல்லும்போது நம் ஊர் நிலைமை உறுத்தாமல் இல்லை. நம்மிடம் வசதி உள்ளவன் வரிசையை விட்டு எழுந்து பள்ளிக்கூடத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டான். மரத்தடிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இருபதடி தூரம் இன்று இரண்டு மைல் ஆகிவிட்டது. மஞ்சள் வேன் வைத்துக் கடக்கிறார்கள். என் நண்பரின் பேரன் அந்த வேனில்தான் போகிறான். என் பிள்ளையும் அப்படித்தான் போனான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'பெற்றவன் கடமை' என்று வாதிடுகிறவர்கள், 'பெற்றவன் உரிமை'யையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2018-இல் திருப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்று சில பெற்றோர் தகராறு செய்தார்கள். அந்த அம்மாளை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். கண்டனம் எழுந்த பிறகு அந்த மாறுதலை ரத்துச் செய்தார்கள். 2023 செப்டம்பரில் இன்னொரு செய்தி. காலை உணவை ஒரு தலித் பெண் சமைக்கிறார் என்பதால் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று வந்தது. மந்திரியும் பாராளுமன்ற உறுப்பினரும் நேரே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார்கள். ஊர் எது தெரியுமா? எட்டயபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். 1956-இல் எந்த மண்ணில் உலை வைத்தார்களோ, அந்த மண்.

பிள்ளையின் பசியைவிடத் தன் சாதி பெரிது என்று ஒரு தகப்பன் முடிவு செய்தால், அதுவும் அவன் உரிமைதானா? அவன் பிள்ளை, அவன் சோறு என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? முடியாது என்றே நான் நினைக்கிறேன். பிள்ளை தகப்பனின் சொத்தாக இருந்தால், அதைப் பட்டினி போடவும் அவனுக்குப் பாத்தியதை உண்டாகிவிடும். உணவைச் சமைக்கிறவர்களை நியமிப்பதில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது காரணமில்லாமல் அல்ல. எட்டு வயதில் யார் கையில் சோறு வாங்கித் தின்றோம் என்பது வயிற்றில் மட்டுமா தங்குகிறது? பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை படிக்கிற பாடங்களில் அதுவும் ஒன்று. காலை உணவைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் மகளிர் குழுப் பெண்கள். தம் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கிற தாய்மார்கள். தன் பிள்ளைக்குச் சமைக்கிற அதே அண்டாவில் ஊர்ப் பிள்ளைக்கும் சமைக்கிறாள். காணாமல் போன கலயம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சபலம். அவளுக்குக் கொடுக்கிற சொற்ப ஊதியத்தைக் கேட்டால் அந்தச் சபலம் பாதி அடங்கிவிடும்.

முட்டை விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

சத்துணவில் முட்டை 1989-இல் வந்தது. பதினைந்து நாளைக்கு ஒன்று. 1998-இல் வாரம் ஒன்று. 2010-இல் பள்ளி நாள் ஐந்துக்கும் ஐந்து. முட்டை தின்னாத பிள்ளைக்கு வாழைப்பழம். நான் போன அதே பள்ளியில், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, எல்லாரும் உண்ணும்போது தன் முட்டையை உரித்துத் தட்டோரத்தில் வைத்திருந்தாள். சோறு முடிந்தது, முட்டை அப்படியே இருந்தது. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் அது பாவாடைப் பையில் போயிற்று. டீச்சர் பார்த்துவிட்டார்.

"வெளியே எடு. இங்கேயே சாப்பிடணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"தம்பிக்கு, டீச்சர்."

தினமும் இதே சண்டை என்று தெரிந்தது. வீட்டில் ஒன்றரை வயதுத் தம்பி. அவன் பங்குக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். அது வீட்டுக்குப் போனதும் எல்லார் வயிற்றுக்கும் பங்காகிவிடுகிறது.

டீச்சர் இரக்கமில்லாதவர் அல்ல. என்னைத் தனியே அழைத்து, "இவளைப் பாருங்கள் சார், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரியா இருக்கிறாள்? இந்த முட்டை இவள் உடம்புக்கு என்று கொடுத்தது. இன்றைக்குத் தம்பிக்கு என்று விட்டால், நாளைக்கு வீட்டிலேயே 'முட்டையைக் கொண்டா' என்று கேட்பார்கள். அப்புறம் ஒரு பெண்பிள்ளை வாயிலும் முட்டை போகாது" என்றார்.

இதற்கு எதிர்வாதமும் எனக்குத் தெரியும். சற்று முன்னால் 'தன் சோறு' என்று நான்தானே மெச்சிக்கொண்டேன்? தன் முட்டை என்றால், அதைத் தம்பிக்குக் கொடுக்க அவளுக்கு உரிமை இல்லையா? இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையின் வளர்ச்சியில் பசி செய்கிற கேட்டின் பெரும்பகுதி முதல் இரண்டு வயதுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். இந்தியா முழுவதற்கும் அது 35.5. நம் நிலை மேல் என்று மார் தட்டலாம். நாலில் ஒரு பிள்ளை குட்டையாய் நிற்கிறது என்று தலை குனியவும் செய்யலாம். பள்ளிக்கூடச் சோறு நல்லதுதான், ஆனால் பாதி ரயில் போன பிறகு ஸ்டேஷனுக்கு வருகிற சோறு. அந்தப் பெண்ணுக்குப் புள்ளிவிவரம் தெரியாது. எந்த வாய்க்கு அந்த முட்டை அதிகம் தேவை என்று மட்டும் தெரிந்திருந்தது.

அப்படியும் நான் டீச்சர் கட்சிதான். காரணம் சொல்லுகிறேன்.

நம் வீடுகளில் விட்டுக்கொடுப்பது யார் என்று பாருங்கள். தாய் கடைசியில் உண்கிறாள். சட்டியைச் சுரண்டி உண்கிறாள். அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேர், ரத்தசோகைக்காரர்கள். அந்தத் தியாகத்தை நாம் போற்றிப் பாடிவிட்டுக் கை கழுவிக்கொள்கிறோம். எட்டு வயதுப் பெண் தன் முட்டையை மடியில் ஒளிக்கும்போது அவள் அந்தப் பந்தியின் கடைசி இடத்தில் உட்காரப் பழகிக்கொண்டிருக்கிறாள். கதை எழுதுகிறவனுக்கு இது உருக்கமான காட்சி; நான் உருகத்தான் செய்தேன். ஆனால் ஒரு குழந்தையை வள்ளலாக்கிப் பார்த்து மகிழ்வதற்கு நமக்கு என்ன யோக்கியதை? அவள் வள்ளலாக வேண்டிய அவசியமே இல்லாமல் செய்வதற்குத்தானே ஊர் என்று ஒன்று இருக்கிறது! ஊர் தம்பிக்குக் கொடுக்க வேண்டியதை அக்கா கையிலிருந்து வாங்கக்கூடாது.

பள்ளியில் மத்தியானச் சோறு தின்று வளர்ந்த பெண்கள் தாயாகும்போது, அவர்களுடைய பிள்ளைகள் உயரமாக வளர்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து, 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' என்ற சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவின் பல ஆண்டுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. ஆகவே அவள் தின்கிற முட்டை ஒரு நாள் ஒரு கைக்குழந்தையின் எலும்புக்குப் போய்ச் சேரத்தான் போகிறது. நியாயமான பதில். ஆனால் 'இன்னும் பதினைந்து வருஷம் பொறு, உன் பிள்ளை வளரும்' என்று அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவள் நினைவில் இருந்தது இந்தத் தம்பி.

அன்று என்ன நடந்தது என்றால், அவள் முட்டையை வெளியே எடுத்தாள். அழவில்லை. வெள்ளைக்கருவைப் பிய்த்துத் தின்றாள். மஞ்சளைக் கையிலேயே வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர், யாரோ கூப்பிட்ட மாதிரி, வகுப்புக்குள் போய்விட்டார்.

புறப்படும்போது ஆயாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அண்டாவைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்துத் தட்டில் மிஞ்சியிருந்த முட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளுடையவை, ஏழு இருந்தன.

"இதையெல்லாம் என்ன செய்வீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

"கணக்குல எழுதணும் சாமி" என்றாள் ஆயா. நோட்டை எடுத்தாள். ஆறு என்று எழுதினாள்.